சொந்த வீடு உள்ளவருக்கே சாய்தளம்

1948 ஜூன் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் ஒரு சிறிய சட்டத்தில் கையெழுத்திட்டார். போர்க்காலப் பணியில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்துபோன படைவீரர்கள் தங்களுக்கேற்ற வீடு கட்டிக்கொள்ள அரசு பணம் தரும் என்றது அந்தச் சட்டம். வீட்டுச் செலவில் பாதியை அரசு ஏற்கும். உச்சவரம்பு 10,000 டாலர். சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு மருந்தும் ஓய்வூதியமும் போதாது, அவர் குடியிருக்கும் இடமே மாறவேண்டும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்த ஒப்புதல் ஏன் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

இப்படி ஒரு சட்டம் அப்போது தேவைப்பட்டதற்கு மருத்துவ முன்னேற்றமே காரணம். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் தாங்கவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த்தொற்றும் அவர்களைக் கொண்டுபோய்விட்டன. அடுத்த போர் முடிவதற்குள் சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வந்துவிட்டன. அதே காயத்தோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க இளைஞர்கள் உயிர் பிழைத்தார்கள். உடம்பு தேறிய பிறகும் அவர்களை மருத்துவமனையிலிருந்து அனுப்ப வழியில்லை. பெற்றோர் வீட்டு வாசலில் நான்கு படி, படுக்கையறை மாடியில், குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது. மார்லன் பிராண்டோ முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'தி மென்' (1950) இவர்களைப் பற்றிய படம்தான். லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் பகுதியிலிருந்த பர்மிங்காம் மருத்துவமனையில், அங்கிருந்த நோயாளிகளையும் நடிக்கவைத்து எடுத்தார்கள். வார்டுகளில் கிடந்த இந்த இளைஞர்கள் 'பாரலைஸ்டு வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பாகத் திரண்டு தங்கள் உரிமைகளுக்காகப் போராடினார்கள். 1948 சட்டம் கருணையால் மட்டும் வந்ததல்ல, கேட்டு வாங்கியது.

ஆனால் அந்தச் சட்டம் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனையைத் தனக்குள் வைத்திருந்தது. பணம் பெறுபவர் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கவேண்டும், அல்லது ஆகப்போகிறவராக இருக்கவேண்டும். மீதிப் பாதிச் செலவை அவர் எங்கிருந்தாவது புரட்டவேண்டும். 1944ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் முன்பணமில்லாமல் வீட்டுக்கடன் கிடைக்க வழிசெய்திருந்தது உண்மை. என்றாலும் கடனுக்கு அரசு உத்தரவாதம் மட்டுமே தரும், கடனைத் தருவது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 'எபனி' இதழ் எடுத்த கணக்கு அதன் விளைவைக் காட்டுகிறது. அரசு உத்தரவாதத்தோடு வீடு, தொழில், பண்ணைக்கென வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. போர்க்களத்தில் கால் செயலிழந்த கறுப்பினத்தவருக்கு வாஷிங்டன் பாதி வீடு தரத் தயாராக இருந்தாலும், மறு பாதி அவருடைய ஊர் வங்கி மேலாளரின் கையில் இருந்தது.

அந்தச் சட்டத்தால் எவ்வளவு நல்ல வீடு சாத்தியம் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் நகரில் ஒரு சாட்சி நிற்கிறது. கென்னத் லாரன்ட் கடற்படையில் பணியாற்றியவர். முதுகுத்தண்டுப் பாதிப்பால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவரும் அவர் மனைவி ஃபிலிஸும் ஓர் இதழில் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாய்டு ரைட்டின் வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு அவருக்கே கடிதம் எழுதினார்கள். எண்பது வயதைக் கடந்திருந்த ரைட் ஒப்புக்கொண்டார். 1949இல் வரைந்து, 1952இல் அவர்கள் குடியேறிய அந்த வீடு, மாற்றுத்திறனாளி ஒருவருக்காக ரைட் வடிவமைத்த ஒரே வீடு. 1948 சட்டத்தின் உதவித்தொகையும் சேர்ந்தே அது எழுந்தது.

அந்த வீட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரே தளம். வாசலிலோ அறைகளுக்கு நடுவிலோ தடுக்கும் வாசற்படி கிடையாது. சிமென்ட் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடி அறையைச் சூடாக்குவதால் வழியில் இடிக்கும் கணப்புச் சாதனங்கள் இல்லை. கதவுகள் அகலம், கைப்பிடிகளும் விளக்குச் சுவிட்சுகளும் உட்கார்ந்தபடி எட்டும் உயரம். சுவரோடு சேர்த்துச் செய்த மேசைகளின் கீழே காலும் நாற்காலியும் நுழைய இடம் விட்டிருக்கிறார்கள். மற்ற இருக்கைகளும் தாழ்வானவை. விருந்தினர் வந்து உட்கார்ந்தால் அவர்கள் கண்ணும் லாரன்டின் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். மருத்துவமனையின் சாயல் எங்கும் இல்லை. தம்பதியர் அங்கே சுமார் 60 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 2014இல் அது அருங்காட்சியகமானது. பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழிவிடச் சொன்ன அமெரிக்கச் சட்டம் 1990இல்தான் வந்தது என்பதை நினைத்தால், ஒரு வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு, அதன்படி வரைந்த ஒரு முதியவர் நாற்பது ஆண்டுகள் முந்திக்கொண்டார். எப்படிக் கட்டுவது என்பது அன்றே தெரிந்திருந்தது. அறிவு இல்லாமல் இந்தச் சிக்கல் நீடிக்கவில்லை.

இன்றும் அந்த உதவித்தொகை தொடர்கிறது. இரண்டு கால்களை இழந்தவர், இரு கண்களிலும் பார்வை இழந்தவர், கடுமையான தீக்காயம் பட்டவர் என்று தகுதி விரிந்திருக்கிறது. உடல் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கவைக்கும் ஏஎல்எஸ் நோயாளிகளும் 2013 முதல் நேரடியாகத் தகுதி பெறுகிறார்கள். 2024-25 நிதியாண்டில் உச்சவரம்பு 1,21,812 டாலராக இருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த ஒரு திருத்தம், வாழ்நாளில் மூன்று முறை வரை பயன்படுத்தலாம் என்றிருந்ததை ஆறு முறையாக்கியது. கடுமையாக நோயுற்றவர்களின் விண்ணப்பத்தை முன்னுக்கு எடுக்கவும் சொன்னது. இந்த முன்னுரிமை அவசியமானது. ஏஎல்எஸ் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளே வாழ்கிறார்கள். வரைபடம், ஒப்பந்தக்காரர், அனுமதி, தவணை தவணையாகப் பணம் என்று போகும் வேலையில் ஓராண்டு கரைந்தால் அது அவருடைய மிச்ச வாழ்வில் பெரும் பகுதி.

ஒரு வீட்டை மாற்றியமைக்க இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாய்தளத்துக்கான அமெரிக்க விதி, ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். வாசலில் ஏழு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் மொத்தம் 21 அங்குலம். அதற்கு 21 அடி நீளச் சாய்தளம் வேண்டும். சிறிய வீட்டின் முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இருக்காது, மடித்துத்தான் கட்டவேண்டும். மடிக்குமிடத்தில் நாற்காலி திரும்பச் சமதளம் வேண்டும். உள்ளே போனால் நாற்காலி ஒரு முழு வட்டம் அடிக்க ஐந்து அடி குறுக்களவு தேவை. பழைய வீட்டுக் குளியலறை முழுவதுமே ஐந்தடி அகலம்தான் இருக்கும். ஆக, கதவை அகலமாக்கப் போய், சுவரை இடித்து, குழாய்களை இடம் மாற்றி, பக்கத்து அறையிலிருந்து மூன்றடியைக் கடன் வாங்கவேண்டியிருக்கும். தீப்பிடித்தால் தப்பிக்க, நாற்காலி செல்லும் வழி ஒன்றுக்கு இரண்டாக இருக்கவேண்டும் என்றும் அரசு விதி கேட்கிறது. அது நியாயமான விதி. ஆனால் செலவு இரட்டிப்பாகிறது.

போதாததற்கு, தேவைகள் இன்று சாய்தளத்தோடு முடிவதில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகள் கால்களோடு மூளையையும் மனத்தையும் சேர்த்தே காயப்படுத்தின. 2011இல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் இப்படிப்பட்டவர்களுக்கென இரண்டு மாதிரி வீடுகள் திறக்கப்பட்டன. வடிவமைத்தவர் மைக்கேல் கிரேவ்ஸ். 2003இல் நோயால் மார்புக்குக் கீழ் செயலிழந்து, தானே சக்கர நாற்காலிக்கு வந்த கட்டடக்கலைஞர். மருத்துவமனை அறையில் தன்னால் முகம் மழிக்கக் கண்ணாடியையும் குழாயையும் எட்ட முடியாமல் போனதிலிருந்தே இந்தத் துறைக்குள் வந்தவர். பெல்வார் வீடுகளில் அடுப்பும் கழுவுதொட்டியும் உயர்ந்து தாழும். போரின் அதிர்ச்சி நீங்காத ஒருவருக்கு, எவர் வருகிறார் என்று தூரத்திலேயே தெரிவது தூக்கத்துக்கே உதவும் மருந்து என்பதால், அறைகளுக்குள் பார்வை மறையாதபடி திறந்த வெளியாகவும் அமைத்தார்கள். இவை இரண்டு வீடுகள். 2004இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 'ஹோம்ஸ் ஃபார் அவர் ட்ரூப்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் கடன் சுமையில்லாத தனி வீடுகளை 400க்கு மேல் கட்டிக் கொடுத்திருக்கிறது. மதிக்கவேண்டிய வேலை. ஆனால் இந்த அளவும் தேவைக்கு முன்னால் சிறியதே. நன்கொடையால் கட்டும் வீடுகள், பார்த்தவுடன் நெஞ்சைத் தொடும் இளம் வீரர்களிடம் போய்ச்சேர்கின்றன. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு நச்சுக்கு ஆளாகி, நீரிழிவு வந்து, எழுபது வயதில் காலை எடுத்த முதியவரின் படத்தை நன்கொடை விளம்பரத்தில் பார்ப்பது அரிது. அந்த நீரிழிவைப் போர்ப்பணியால் வந்ததாக அரசு 2001இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, பழகிய வாடகை வீட்டுக்குள் அந்த ஊனம் வருகிறது.

அந்த வாடகை வீட்டில்தான் 1948இன் நிபந்தனை இன்றும் உதைக்கிறது. பெரிய உதவித்தொகை சொந்த வீட்டுக்காரருக்கு. உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்குபவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவருக்கு எஞ்சியிருப்பது முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவப் பிரிவு தரும் சிறு தொகை. 2010இல் சட்டம் அதை வாழ்நாளுக்கு 6,800 டாலர் என்று வைத்தது. ஊனம் படைப்பணியால் வந்ததல்ல என்றால் பெரும்பாலோருக்கு 2,000 மட்டும். பத்தாண்டுகளுக்கு மேல் தொகை நகரவில்லை. அதைப் பெறவும் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். மாற்றம் செய்ய அனுமதிக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத் திருத்தம் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் செலவு குடியிருப்பவருடையது. காலிசெய்யும்போது உள்ளே செய்த மாற்றங்களைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கச் சொல்லவும் வீட்டுக்காரருக்கு இடமிருக்கிறது. தன் காசில் கட்டி, தன் காசிலேயே இடிக்கவேண்டும்.

சரி, ஏற்கெனவே வசதியாகக் கட்டப்பட்ட வீட்டுக்குப் போகலாமே என்றால், அப்படி வீடு எங்கே? அமெரிக்க வீட்டு வசதித் துறை, 2011ஆம் ஆண்டின் தேசிய வீட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நடமாட்டத்தில் ஓரளவு சிரமம் உள்ளவர் வசிக்கத் தகுந்த வீடுகள் நாட்டில் 4 சதவீதத்துக்கும் குறைவு. சக்கர நாற்காலியில் இருப்பவர் முழுமையாகப் புழங்கத் தகுந்தவை 0.15 சதவீதம். ஆயிரம் வீட்டில் ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றிரண்டும் வாடகைக்கு இருக்கவேண்டும், காலியாக இருக்கவேண்டும், கட்டுப்படியாகவேண்டும்.

கட்டுப்படியாவதற்கென வேறொரு திட்டம் இருக்கிறது. வீட்டு வசதித் துறையின் வாடகை வவுச்சரையும் படைவீரர் நலத்துறையின் சமூகப் பணியாளரையும் இணைத்து 1992இல் சோதனையாகத் தொடங்கி, 2008 முதல் பெரிதாக விரிந்த திட்டம் அது. குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகத் தருவார், மீதியை அரசு தரும். இதன் பலன் எண்ணிலேயே தெரிகிறது. 2010இல் ஓரிரவுக் கணக்கெடுப்பில் 74,000 முன்னாள் படைவீரர்கள் வீடற்றிருந்தார்கள். 2024 ஜனவரியில் 32,882 பேர். அதே 2024இல் நாட்டின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 18 சதவீதம் ஏறியது. எல்லாரும் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இவர்களின் எண்ணிக்கை மட்டும் இறங்கியதற்கு, வவுச்சரோடு கூடவே வந்த அந்தச் சமூகப் பணியாளர் முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன். வீட்டுக்காரரிடம் பேசவும், மருந்து முடிந்தால் கவனிக்கவும் ஓர் ஆள் இருக்கிறார்.

ஆனால் இந்த நல்ல திட்டத்துக்குள்ளேயே கொடிய முரண் ஒன்று பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் மேற்குப் பகுதியில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

1888இல் செனட்டர் ஜான் ஜோன்ஸும் அர்காடியா பண்டினி என்ற நிலவுடைமைப் பெண்மணியும் சுமார் 300 ஏக்கர் நிலத்தை, ஊனமுற்ற படைவீரர்களின் இல்லம் நிரந்தரமாக நடக்கவேண்டும் என்று கூறி மத்திய அரசுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தார்கள். 1971 நிலநடுக்கத்துக்குப் பின் குடியிருப்புகள் காலியாயின. நிலம் மெல்ல மெல்ல வேறு கைகளுக்குக் குத்தகைக்குப் போனது. ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானம், ஒரு தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடல்கள், எண்ணெய்த் துரப்பணம் எல்லாம் உள்ளே வந்தன. யாருக்காக அந்த நிலம் கொடுக்கப்பட்டதோ அவர்கள், வேலிக்கு வெளியே சான் விசென்டே சாலையோரம் கூடாரம் போட்டுப் படுத்திருந்தார்கள். 2011இல் ஒரு வழக்கு, 2015இல் சமரசம், 1,200 வீடுகள் கட்டுவதாக வாக்குறுதி. வீடுகள் வந்த வேகம் ஆமை வேகம்.

கட்டிய வீடுகளிலும் சிக்கல். வரிச்சலுகையிலும் உள்ளூர் நிதியிலும் கட்டப்பட்டதால், வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே சம்பாதிப்பவருக்கே பல வீடுகள் ஒதுக்கப்பட்டன. படைவீரரின் ஊன இழப்பீட்டையும் வருமானமாகவே கணக்கிட்டார்கள். 2024இன் எண்களையே வைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் தனி ஆளுக்கு மிகக் கீழ்மட்ட வருமான வரம்பு சுமார் 29,000 டாலர். 90 சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்ட, குடும்பமில்லாத படைவீரருக்கு இழப்பீடு ஆண்டுக்குச் சுமார் 26,900 டாலர். அவர் உள்ளே போகலாம். 100 சதவீதம் என்றால் சுமார் 44,850 டாலர், அவருக்கு இடமில்லை. உடம்பு அதிகம் சிதைந்தவர் என்பதாலேயே வெளியே நிறுத்தப்பட்டார். இதே இழப்பீட்டை வருமான வரித்துறை வருமானமாகக் கருதுவதில்லை, அதற்கு வரி கிடையாது. இழந்த காலுக்கு ஈடாகத் தந்த பணத்தை ஒரு துறை ஈடு என்றது, இன்னொரு துறை சம்பாத்தியம் என்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

2024 ஆகஸ்டில் வீட்டு வசதித் துறை விதியை மாற்றியது: இந்த வவுச்சருக்குத் தகுதி பார்க்கும்போது ஊன இழப்பீட்டைச் சேர்க்கக்கூடாது. அடுத்த மாதமே கூட்டாட்சி நீதிபதி டேவிட் கார்ட்டர், இழப்பீட்டைக் காட்டி ஒதுக்குவது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். அந்த வளாகத்தில் 750 தற்காலிக வீடுகளும், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதற்கு மேல் 1,800 நிரந்தர வீடுகளும் கட்டவேண்டும் என்றார், குத்தகைகளை ரத்துசெய்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இந்த வழக்கு ஒரு முரணைத் தீர்க்க வழிசெய்தது. நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் முரண் அப்படியே நிற்கிறது. வீட்டை வசதியாக்கும் பணம் சொந்தக்காரரிடம் போகிறது, வீட்டைக் கட்டுப்படியாக்கும் பணம் வாடகைக்காரரிடம் போகிறது. இரண்டையும் இரண்டு துறைகள், இரண்டு படிவங்கள், இரண்டு தகுதிப் பட்டியல்கள் ஆள்கின்றன. வசதியும் வேண்டும், வாடகையும் குறைவாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், அதாவது உதவி மிகவும் தேவைப்படுகிறவர், இரண்டுக்கும் நடுவில் விழுகிறார். மத்திய நிதியில் கட்டப்படும் குடியிருப்புகளில் 5 சதவீதம் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கேற்ப இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. வவுச்சரை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடும் தனியார் வீட்டுக்காரரை அந்த விதி தொடுவதில்லை.

பெரிய உதவித்தொகையைப் பத்திரத்தோடு கட்டாமல் ஆளோடு கட்டவேண்டும். நீண்டகால வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று வைக்கலாம். பணம் வீணாகும் என்ற அச்சத்துக்குப் பதில் இருக்கிறது. மாற்றியமைத்த வாடகை வீடு காலியானால் அதே ஊரில் அடுத்த வவுச்சர்காரருக்கு முதல் உரிமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், இடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

புதிதாகக் கட்டுவதில் இன்னும் எளிய வழி ஒன்றை அரிசோனாவின் பீமா மாவட்டம் 2002லேயே காட்டிவிட்டது. தன் ஆட்சிப் பகுதியில் கட்டும் புதிய தனி வீடுகளுக்குப் படியில்லாத ஒரு நுழைவு, அகலமான கதவுகள் போன்ற சில அடிப்படைகளைக் கட்டாயமாக்கியது. வீடு கட்டும் தொழில்துறையினர் எதிர்த்தார்கள், வழக்கு 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, மாவட்டம் வென்றது. தளம் போடும்போதே மட்டம் பார்த்துப் போட்டால் செலவு சொற்பம். கட்டிமுடித்த பின் இடிப்பதுதான் ஆயிரங்களை விழுங்குகிறது. அங்கே யாரும் படைவீரரை மனத்தில் வைத்து விதி எழுதவில்லை. ஆனால் வியட்நாம் போய்வந்த ஒரு முதியவர் எழுபது வயதில் காலை இழந்தால், அவர் இருக்கும் வீடு ஏற்கெனவே அவருக்குத் தோதாக இருக்கும்.

அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வவுச்சரில் வாடகை கொடுக்கும் முன் ஓர் ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறார். தண்ணீர் வருகிறதா, கணப்பு வேலைசெய்கிறதா, ஜன்னல் பூட்டுமா, புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார். வாசலில் படி எத்தனை, கழிவறைக் கதவு எத்தனை அங்குலம், கீழ்த்தளத்தில் படுக்கை போட இடமிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் படிவத்தில் சேர்க்கலாம். அளவு நாடா ஒன்று போதும். அந்த விவரங்களை ஊர் ஊராகச் சேர்த்துவைத்துச் சமூகப் பணியாளரின் கையில் கொடுத்தால், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் வவுச்சரின் கெடு முடிவதற்குள் வீடு வீடாகப் போன் செய்து, உங்கள் வாசலில் படி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டியதில்லை.